இருநூறாவது பை

"பாத்தீங்களா?" என்பதுதான் அலுவலகத்தில் அவர் அதிகம் பேசிய சொல். குரலை உயர்த்தமாட்டார். குற்றம் சாட்டுகிற தொனியும் இருக்காது. புரூப் தாளும் பென்சிலுமாக நிருபரின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். சந்தேகமான வரியின் கீழ் பென்சில் முனையை வைப்பார். கேட்பார்.

நான் அப்போது வேலை பார்த்த நாளிதழின் சேலம் அலுவலகத்தில் அவர் பிழை திருத்துபவர். முப்பதை எட்டாத பெண். கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளிக்குப் போகிற சாலையோரம், தோட்டத்து வீடு. குச்சிக்கிழங்கு என்று அந்தப் பக்கம் சொல்கிற மரவள்ளியும் நிலக்கடலையும் விளைகிற நாலு ஏக்கர். அங்கிருந்து வந்து சேலத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தார். எழுத்துப் பிழையைத் திருத்துவது மட்டுமே அவர் வேலை. செய்தி உண்மையா என்று பார்ப்பதற்கு மேலே துணை ஆசிரியர்கள் இருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு தேர்த்திருவிழாவுக்குப் போய்வந்து, பல்லாயிரக்கணக்கான பக்தர்கள் வடம் பிடித்தார்கள் என்று எழுதினேன். வந்து நின்றார்.

"ஏனுங்க, எண்ணிப் பாத்தீங்களா?"

"தேர்க் கூட்டத்தை யாருங்க எண்ணுவாங்க?"

"அப்பறம் பல்லாயிரம்னு எப்படிங்க தெரிஞ்சுது?"

சுற்றிலும் சிரித்தார்கள். நான் அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘திரளான’ என்று மாற்றினேன். வேண்டாவெறுப்பாகத்தான் மாற்றினேன்.

இன்னொரு நாள் ஒரு தீ விபத்துச் செய்தி. எட்டுக் குடிசைகள் எரிந்தன என்று தீயணைப்பு நிலையத்தில் போனில் சொன்னார்கள். அப்படியே எழுதிக் கொடுத்தேன். பென்சில் எட்டின் கீழ் வந்து நின்றது. நிலையத்தில் சொன்னதாகச் சொன்னேன். "சொன்னவரு பாத்தாருங்களா?" என்று கேட்டார். எரிச்சலுடன் மறுபடியும் போன் போட்டேன். முதலில் பேசியவர் நிலையத்தை விட்டே நகராதவர். நேரில் போய்வந்தவர் இப்போது போனை வாங்கி, ஆறு என்றார். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் தன் இருக்கைக்குப் போய் அடுத்த தாளைப் படித்துக்கொண்டிருந்தார். ஜெயித்த அடையாளம் எதுவும் முகத்தில் இல்லை. அன்றுதான் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

வேலைக்கு வெளியிலும் அவர் இப்படித்தான். மொபெட்டைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடப்பார். திரும்பிப் போய்ப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். பஸ் நிலையத்தில் பெயர்ப்பலகையைப் படிப்பார், கண்டக்டரிடம் கேட்பார், ஏறி உட்கார்ந்தபின் பக்கத்தில் இருப்பவரிடமும் கேட்பார். எங்கள் புகைப்படக்காரன், அலுவலகத்திலேயே வயதில் சின்னவன், அவரைச் சீண்டாமல் ஒருநாளும் டீ குடித்ததில்லை.

"அக்கா கழுத்துல மாப்ள தாலி கட்டுனாருன்னா, மூணு முடிச்சும் போட்டாரான்னு அக்கா திரும்பி எண்ணிப் பாப்பாங்க."

"தம்பி, போட்டோ புடிக்கறது நீயா இருந்தா, கேமராவுல பிலிம் இருக்குதான்னும் பாப்பேன்."

முந்தைய மாதம்தான் அவன் பிலிம் மாட்டாத கேமராவோடு ஓர் அமைச்சர் விழாவுக்குப் போய்வந்திருந்தான். டீக்கடையே சிரித்தது.

அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்தவர்கள்கூட. நான் ஒருவன்தான் அந்தச் சொல்லைத் தவிர்த்து, "ஏங்க" என்று கூப்பிட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தேன். காரணம் எனக்குத் தெரிவதற்கு முன்பே புகைப்படக்காரனுக்குத் தெரிந்துவிட்டது.

சுதந்திர தினத்துக்கு மறுநாள் எங்கள் பத்திரிகை வராது. ஆகவே சுதந்திர தினத்தன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் விடுமுறை. தொண்ணூற்றொன்பதில் மேலாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஊழியர்கள் எல்லோரும் கொல்லிமலைக்குப் போய் ஒருநாள் மரக்கன்று நடுவது. மலைமேல் அரியூர் நாடு என்கிற பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், ஓடைவரை இறங்கும் வெற்றுச் சரிவைத் தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் மிளகு போட்டிருந்த விவசாயி ஒருவர் கன்றுகளைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

எழுபது வளைவுகளையும் ஏறி, நாங்கள் தலைசுற்றலோடு வேனிலிருந்து இறங்கியபோது அந்த விவசாயி வரிசைக்கு இருபதாகப் பத்து வரிசை குழி வெட்டி முடித்திருந்தார். பலா, நாவல், நீர்மருது. கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் இருநூறு கன்றுகள் சரிவின் தலைப்பில் நின்றன.

"பேப்பர்காரங்க நட்டுப்போட்டுப் போட்டோ புடிச்சுக்கிட்டு எறங்கிருவீங்க. ஆட்டை முடுக்கி வெரட்டறது, தண்ணி ஊத்தறதெல்லாம் நாந்தானுங்க சாமி" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பில் பாதிதான் வேடிக்கை.

"அடுத்த வருசமும் வருவோமுங்ணா" என்றார் எங்கள் பிழை திருத்துபவர். "வந்து எண்ணுவோம்."

"எண்ணுங்க கண்ணு. எண்ணிக்கை கொறஞ்சா என்னையக் கேளுங்க. இன்னிக்கு ஒழுங்கா வெச்சீங்கன்னா கொறையாது."

அவரும் தோட்டத்து வீட்டுப் பெண்தான். எங்கள் முன்னால் நின்று ஒரு கன்றை நட்டுக் காட்டினார். பையை நெடுக்கக் கிழிக்க வேண்டும், மண்கட்டி உடையாமல் குழியில் இறக்க வேண்டும், கிழித்த பையைக் கொண்டுவந்து சாக்கில் போட வேண்டும். பையோடு நட்டால் வேர் வெளியே போக வழியில்லாமல் சுற்றிச்சுற்றி வந்து கோடையில் செத்துப்போகும். இவ்வளவுதான் பாடம்.

தவறு பத்திரிகைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய விதத்தில் நடந்தது. புகைப்படக்காரன் மேல் இரண்டு வரிசைகளில் ஆட்களை நிறுத்தினான். "பையோட தூக்கிப் புடிங்க சார், அப்பத்தான் கன்னுன்னு தெரியும். அப்படியே குழிக்குள்ள வைங்க. மண்ணைத் தள்ளுங்க. என்னையப் பாருங்க." எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மேலாளரும் பார்த்தார். மண்ணைத் தள்ளினார். அடுத்த குழிக்குப் போனார். அந்தப் பழக்கம் கீழ் வரிசைகளுக்கும் கொஞ்சம் இறங்கியது.

நாலு மணிக்கு வேலை முடிந்தது. மேற்கே மேகம் இறங்கியிருந்தது. இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று டிரைவர் ஹாரனில் கை வைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் காப்பித் தோட்டத்து வழியாக வேனுக்குக் கிளம்பினார்கள். அவர் மட்டும் சாக்கைக் கவிழ்த்துப் பைகளைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நூத்தி எம்பத்தேழுதாங்க இருக்குது" என்றார்.

"காத்துல பறந்திருக்குங்க்கா" என்றான் புகைப்படக்காரன்.

"பதிமூணுமா பறந்துச்சு?"

அவன் மேலாளருடன் நடந்துவிட்டான். நான் நின்றேன். நிற்பதற்கு எனக்குக் கன்றுகள் மட்டும் காரணமில்லை. ஒருவாரமாக ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் தனியாக அகப்படுகிற இடம் சேலத்தில் இல்லை. இந்த மலையில்தான் அதைச் சொல்லிவிடுவது என்று ஏறியிருந்தேன்.

பையோடு நட்ட கன்றைக் கண்டுபிடிப்பது எளிது. தண்டைச் சுற்றி இரண்டு விரலை மண்ணில் அழுத்தினால் பையின் விளிம்பு தட்டுப்படும். மேல் இரண்டு வரிசைகளை இருவரும் சேர்ந்து பார்த்தோம். எட்டு அகப்பட்டது. முதலில் அகப்பட்டது மேலாளர் நட்டது. பிழை திருத்துபவர் அதைத் தோண்டி எடுத்து, பையைக் கிழித்து, மறுபடி நட்டார். பிறகு பிரிந்துகொண்டோம். அவருக்கு நடுவில் நாலு வரிசை, எனக்கு ஓடைப் பக்கம் நாலு வரிசை.

என் பக்கத்தில் முதல் மூன்று வரிசைகளில் ஒன்று அகப்பட்டது. கிழித்தேன், நட்டேன். கடைசி வரிசைக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஓடையை ஒட்டிய வரிசை. கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. மேலே ஹாரன் மூன்றாவது தடவையாக அடித்தது. சரிவின் தலைப்பிலிருந்து வேன்வரை காப்பிச் செடிகளுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை. அதில் அவரோடு மழையில் நடக்க எனக்குக் கிடைக்கப்போவது ஐந்து நிமிடம். இங்கே தாமதித்தால் யாராவது குடையோடு கூப்பிட வந்துவிடுவார்கள். நான் கணக்குப் போட்டது இதைத்தான்.

மேலிருந்து அவர் குரல் வந்தது. "எனக்கு ரெண்டுங்க. முன்னாடி எட்டு. உங்களுக்கு?"

"மூணு" என்றேன்.

பதிமூன்று சரியாக வந்தது.

கையில் சுருட்டிப் பிடித்திருந்த ஒரே பையோடு ஏறினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "பாத்தீங்களா?" என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை. சேறும் மழையுமாக இருந்த அந்தச் சுருட்டலை வாங்கி, பிரித்துப் பார்க்காமல், சாக்கில் போட்டு வாயைக் கட்டினார்.

"செரிங்க, வாங்க" என்றார்.

காப்பித் தோட்டத்தில் அவர் முன்னால் நடந்தார். நான் என் வாக்கியத்தை எடுப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாரும் என்னையச் சிரிக்கறாங்கன்னு தெரியுமுங்க. எனக்குப் பத்து வயசுங்க அப்ப. கெணத்து மோட்டார் ஓடல. எங்கப்பா வயரைப் பாக்க எறங்குனாரு. சித்தப்பா, மெயினை அமத்தீட்டேன், நீ கை வைன்னாரு. பக்கத்துலதான் நான் நின்னேன். ரெண்டெட்டு வெச்சிருந்தா பாத்திருக்கலாம். சித்தப்பாதானே சொல்றாருன்னு நின்னுட்டேன். அப்பாவுக்குக் கரண்டு அடிச்சிருச்சு. உசுரு தப்பிச்சுது. வலது கையில ரெண்டு வெரலு இன்னிக்கும் நிமிராதுங்க."

பாதையின் குறுக்கே நீட்டியிருந்த ஒரு காப்பிக் கிளையை எனக்காக ஒதுக்கிப் பிடித்தார்.

"சித்தப்பா பொய் சொல்லலீங்க. அமத்துனதா நெனச்சிருக்காரு. அதுலருந்து யாரு சொன்னாலும் ஒருக்கா போய்ப் பாத்தாத்தான் எனக்கு ஆகும். இன்னிக்குத்தான், உங்ககிட்ட மறுபடி கேக்கோணும்னே தோணலீங்க. ஏன்னு தெரியல."

நான் சொல்ல வந்த வாக்கியத்துக்கு இதைவிட நல்ல இடம் அமையப்போவதில்லை. இருபது கன்றுகள். ஒன்றுக்கு அரை நிமிடம். பத்து நிமிட வேலை. இருங்க, கடைசி வரிசையை இன்னொருமுறை பார்த்துட்டு வந்துடறேன் என்று சொன்னால் போதும். வேன் நிற்கும். டிரைவர் திட்டுவார், அவ்வளவுதான்.

"மழை பெருசாவுது, வேகமா நடங்க" என்றேன்.

மறுநாள் நான் எழுதிய செய்தி அவரிடம் போனது. ஊழியர்கள் இருநூறு மரக்கன்றுகள் நட்டனர். அதன் கீழ் பென்சில் குறி எதுவும் விழவில்லை.

அதன்பிறகு ஏறத்தாழ ஓராண்டு என் செய்திகளில் அவர் எழுத்துப் பிழை மட்டும் திருத்தினார். மற்றவர்களின் மேசைக்குப் போய் நிற்பார். என் மேசையைத் தாண்டிப் போகும்போது புரூப் தாளை வைத்துவிட்டு, "முடிஞ்சுதுங்க" என்பார். அலுவலகம் கவனித்தது. "அக்கா உங்களுக்கு மட்டும் பரீட்சை வெக்கறதில்லையே சார்" என்றான் புகைப்படக்காரன். அந்த ஓராண்டில் நான் எழுதிய ஒவ்வொரு எண்ணையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். இடிந்த சுவர் எத்தனை அடி என்று நடந்து அளந்தேன். இறந்தவரின் வயதை அவர் வீட்டுக்காரர்களிடம் கேட்டேன். என் தொழிலில் நான் மிகச் சரியாக இருந்த ஆண்டு அதுதான்.

ஒவ்வொரு வார விடுமுறைக்கும் மலைக்குப் போய் அந்தக் கடைசி வரிசையைப் பார்த்துவிட்டு வருவதாக நினைத்துக்கொள்வேன். சேந்தமங்கலம்வரை ஒருமுறை போனேன். மலை பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு நிற்கவில்லை.

என் வாக்கியத்தை நான் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. அடுத்த சுதந்திர தினம் வருவதற்கு ஒரு வாரம் முன்பு, புரூப் தாளை மேசையில் வைத்தவர் நகரவில்லை.

"மலையிலருந்து எறங்கறப்ப எங்க ஊட்டுல நிறுத்தி எல்லாரும் ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போலாம்னு டிரைவர்கிட்டச் சொல்லியிருக்கறனுங்க" என்றார். பிறகு தாளைப் பார்த்தபடி, "அப்பா உங்களைப் பாக்கோணும்ங்கறாரு" என்றார்.

"வாரேங்க" என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சு அப்படியில்லை. அவர் பேச்சு அது. சிரித்துக்கொண்டே போனார்.

இரண்டாவது தடவை மலைக்குப் போனது செத்த கன்றுகளுக்குப் பதில் புதிதாக நடுவதற்கு. விவசாயி சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். முள்வேலி போட்டிருந்தார். நாவல்கள் இடுப்புக்கு வந்திருந்தன. "எண்ணுங்க கண்ணு" என்றார். எங்கள் பிழை திருத்துபவர் எண்ணினார். நூற்று அறுபத்தொன்று உயிரோடு இருந்தன. ஆடு கடித்தது, மழைநீர் பறித்தது, வெயிலில் காய்ந்தது என்று மீதி ஒவ்வொன்றுக்கும் விவசாயி காரணம் சொன்னார். சொல்ல முடியாமல் நின்றது கடைசி வரிசையில்.

"ஓடையோரத்துல ஈரம் அத்துப்போனதே இல்லீங்க. இந்த ரெண்டு பலா எதுக்குச் செத்துச்சுன்னுதான் எனக்கு வெளங்கல. நான் தண்ணி ஊத்துனனுங்க சாமி, பொய்யில்லீங்க."

நான் எட்டாவது வரிசையில் குழி தோண்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தேன். விவசாயிக்குப் பக்கத்தில் நின்றிருந்த பிழை திருத்துபவர் குனிந்து ஒரு காய்ந்த குச்சியைப் பிடித்து இழுத்தார். மண்ணிலிருந்து அது பிடிவாதமே இல்லாமல் வந்தது. அடியில் கறுப்புப் பை, கிழியாமல், வைத்தபடியே இருந்தது. அடுத்ததையும் இழுத்தார். அதுவும் அப்படியே வந்தது. பையை உரித்தார். உள்ளே வேர்கள் பையின் வடிவத்திலேயே வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தன.

"அண்ணா, உங்க மேல தப்பில்லீங்க" என்று விவசாயியிடம் சொன்னார். "எங்க மேலதான்."

பிறகு என் பக்கம் வந்தார். என்னைத் திட்டுவதற்கு அவருக்கு நேரம் இருந்தது. யாரும் பக்கத்தில் இல்லை. புதுப் பைகள் போட வைத்திருந்த சாக்கின் வாயைத் திறந்து, அந்த இரண்டு பைகளையும் ஒவ்வொன்றாக உள்ளே போட்டார்.

"இப்பத்தாங்க இருநூறு" என்றார்.

மாலையில் வளைவுகளில் இறங்கும்போது அவர் டிரைவருக்குப் பின்னால் தனி இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அடிவாரம் வந்தது. குச்சிக்கிழங்குக் காடுகள் வந்தன. டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"நேரமாயிருச்சுங்ணா. நிறுத்த வேண்டாம், போலாங்க" என்று அவர் டிரைவரிடம் சொன்னார்.

"அட, காப்பின்னீங்களேக்கா?" என்றான் புகைப்படக்காரன்.

"இன்னொரு நாளைக்குத் தம்பி."

இடப்பக்கம் ஓட்டு வீடு. வாசலில் பெருக்கிச் சுத்தம் செய்து நாலைந்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வெளுத்த வேட்டி சட்டையில் ஒருவர் சாலையோரம்வரை வந்து நின்றிருந்தார். வேனைப் பார்த்ததும் வலது கையைத் தூக்கினார். இரண்டு விரல்கள் மடங்கியே இருந்தன. வேன் நிற்காது என்று தெரிந்த பிறகும் அந்தக் கை கொஞ்ச நேரம் இறங்கவில்லை. நான் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மகள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் செய்தி எழுதினேன். சென்ற ஆண்டு நட்டவற்றில் நூற்று அறுபத்தொரு கன்றுகள் பிழைத்துள்ளன. அரைமணி நேரத்தில் அவர் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பென்சில் முனை அந்த எண்ணின் கீழ் இருந்தது.

"எண்ணிப் பாத்தீங்களா?"

எண்ணியவர் அவர்தான். ஒவ்வொரு கன்றாகத் தொட்டு எண்ணியதை நான் பார்த்திருந்தேன்.

"இல்லீங்க" என்றேன்.

"செரிங்க" என்று எண்ணின் பக்கத்தில் ஒரு சரிக்குறி போட்டுக்கொண்டு போனார்.

அதன்பிறகு ஆறு மாதம் அவர் அங்கே இருந்தார். வீட்டில் பார்த்த இடத்தில் கல்யாணமாகி ஊரைவிட்டுப் போகும்வரை, என்னுடைய ஒவ்வொரு செய்திக்கும் வந்து நின்று கேட்டார். நானும் ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருந்தேன். "பாத்தேங்க" என்று ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டுவார். தன் இருக்கைக்குப் போவார். போனை எடுத்து, சம்பந்தப்பட்ட இடத்துக்கு அவரே பேசி, ஒருமுறை கேட்டுக்கொள்வார்.